கூமுட்டை நாற்றமடித்த வேன்

எங்கள் ஊர் ரஸ்கினில் பகல் நேரத்தில் தீப்பிடித்தால் வந்து நிற்பது நாங்கள் ஐந்து பெண்கள்தான். ஆண்களில் பாதிப்பேர் எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மீதிப்பேர் வயலில் எங்கேயோ ஒரு மூலையில் டிராக்டர் சத்தத்தில் இருப்பார்கள். சங்கு ஊதினாலும் காதில் விழாது. ஆகவே தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் நானும், இரண்டு குழந்தைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஓடிவரும் கார்லிஸும், பள்ளிக்கூடச் சமையலறையை இருபது வருஷமாக ஆளும் ஜெனீவாக்காவும், தானியக் கிடங்கில் லாரி எடை போடும் மார்னாவும் தீயணைப்புப் படை. தலைவி ட்வைலா. நூறு பசுமாடுகளையும் ஒரு புருஷனையும் ஒரே குரலில் மேய்ப்பவள்.

எங்கள் பக்கத்து ஊர் டெல்ப். அங்கே படை முழுக்க ஆண்கள். அவர்களுக்குத் தலைவன் ஓரின், ட்வைலாவின் கூடப்பிறந்த அண்ணன். ஜூலைக் கடைசியில் ஃபோர்ட் கேரியில் நடக்கும் மாவட்டச் சந்தையில் தீயணைப்புப் படைகளுக்கு வாளிப் போட்டி உண்டு. ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறுமுனையில் மேடைமேல் ஒரு பீப்பாய். பீப்பாய்க்குள் சிவப்புச் சாயம் பூசிய மரப்பந்து மிதக்கும். ஐந்து பேர் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிப் பீப்பாயை நிரப்ப வேண்டும். பந்து விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தால் ஜெயித்தோம். டெல்ப் ஆட்கள்தான் வருஷா வருஷம் ஜெயிப்பார்கள். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்குக் குடும்பம் முழுக்க ஒரே மேசையில் உட்காரும்போது, வான்கோழியை வெட்டிக்கொண்டே ஓரின், "என்ன தங்கச்சி, கோப்பைக்குத் தூசி தட்டியே கை வலிக்குது, கொஞ்ச நாள் நீ வச்சுக்கிறியா?" என்பான். ட்வைலாவுக்கு அந்தக் கறி தொண்டையில் இறங்காது.

இந்த வருஷம் ஜெயித்தே தீருவது என்று இருந்தோம். வசந்தகாலம் முழுக்கப் பயிற்சி. ட்வைலாவின் கொள்கை ஒன்றே ஒன்று: வாளி தளும்பத் தளும்ப நிறைந்திருக்க வேண்டும். "அரைவாளி தூக்குறதுக்கு வீட்ல இருந்து துணி துவைக்கலாம்" என்பாள்.

ஊரின் தீயணைப்பு லாரியைப் போட்டிக்கு எடுத்துப் போக முடியாது. நாங்கள் இல்லாதபோது தீப்பிடித்தால் யாராவது ஓட்ட வேண்டுமே. எங்களுக்கு இருந்தது ஒரு பழைய வேன். மூடிப்போன முதியோர் இல்லத்தின் ஏலத்தில் ட்வைலா பிடித்தது. பக்கவாட்டில் 'ரஸ்கின் தீயணைப்பு' என்று அவளே பெயிண்ட் அடித்திருந்தாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது சக்கரத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த வேனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவள் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரிதான்.

சொல்வதற்கும் விஷயம் இருந்தது. அந்தக் கோடையில் வேன் பெட்ரோலைக் குடித்தது. ட்வைலா, பையன்கள் யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டாள். மேட்டில் ஏறும்போது திணறியது. "மேடுன்னா திணறத்தான் செய்யும்" என்றாள். மீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதவள் மார்னா மட்டும்தான். போன இலையுதிர்காலத்தில்தான் ஸ்போகேன் நகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவள். அங்கே சைலன்சர் மாற்றும் கடை ஒன்றில் கல்லாவில் இருந்தாளாம். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நாங்கள் காது கொடுக்கிறோமா என்பதைப் பற்றிக் கவலையும் பட மாட்டாள். ஒரு பயிற்சி முடிந்து வேனில் ஏறும்போது சொன்னாள்:

"ட்வைலா, இந்த வண்டி மிஸ் அடிக்குது. நின்னுட்டிருக்கும்போதே உடம்பு குலுங்குது பாரு. இப்படியே ஓட்டினா கன்வெர்ட்டர் வெந்துடும்."

"என்னது வெந்துடும்?"

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகைக்குழாய்ல ஒரு டப்பா இருக்குல்ல, புகையைச் சுத்தம் பண்ற டப்பா. நம்ம காலுக்கு அடியிலதான் இருக்கு."

"வந்து ஒரு வருஷம் ஆகல, என் வண்டிக்கு ஜாதகம் பாக்குறா" என்றாள் ட்வைலா எங்களைப் பார்த்து. நாங்கள் சிரித்தோம். மார்னாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரமும் சொன்னாள்.

போட்டி நாள் வந்தது. காலையிலேயே வெயில் தகித்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு மழை இல்லை. சாலை ஓரப் புல்லெல்லாம் காய்ந்து, தொட்டால் பொடியாகிற பதத்தில் நின்றது. அதற்கு அப்பால் அறுவடைக்குக் காத்திருந்த கோதுமை. ட்வைலா ஓட்டினாள். பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் மார்னாவும் கார்லிஸும். கடைசி இருக்கையில் வாளிகள், மண்வெட்டிகள், கோணிச் சாக்குகளுக்கு நடுவே ஜெனீவாக்கா, மடியில் வினிகரில் ஊறிய முட்டை ஜாடியோடு.

பாதி தூரம் போயிருப்போம். ஒரு நாற்றம் வந்தது.

"ஜெனீவாக்கா, அந்த ஜாடியைக் கொஞ்சம் மூடுங்க" என்றாள் ட்வைலா.

"மூடித்தான்டி இருக்கு."

"அப்போ கூமுட்டை நாத்தம் எங்கேருந்து வருது?"

"என் முட்டையைச் சொன்னே, இறங்கி நடந்துதான் வரணும். இந்த ஊர்ல மூணு தலைமுறை என் முட்டையைத் தின்னு வளந்திருக்கு. உன் புருஷன் கல்யாணத்துக்கு முந்தி என்கிட்ட வந்து கெஞ்சினது முட்டைக்குத்தான்."

"இப்பவும் கெஞ்சுவான். அவனுக்கு மூக்கு வேலை செய்யாது."

கார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மார்னா சிரிக்கவில்லை. ஜாடியை வாங்கித் திறந்து முகர்ந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டினாள்.

"ஜாடியில வர்றது வினிகர். இது கந்தகம். வண்டிக்கு அடியிலேருந்து வருது. ட்வைலா, நிறுத்து."

"ஃபோர்ட் கேரில நிறுத்துறேன்."

"என் செருப்பு ஒட்டுது" என்றாள் கார்லிஸ் திடீரென்று. காலைத் தூக்கிப் பார்த்தாள். ரப்பர் அடிப்பாகம் இளகி, தரை விரிப்பின் நூல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மார்னா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். உடனே எங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, மீட்டர்மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தாள். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நிதானமா எரிஞ்சா, நேரம் கிடைக்கும்போது என்னைக் கவனின்னு அர்த்தம். இப்படி மினுக்கினா, இப்பவே நிறுத்துன்னு அர்த்தம்! ஏதோ ஒரு சிலிண்டர்ல பொறி விழல. எரியாத பெட்ரோல் அப்படியே குழாய் வழியா போய் அந்த டப்பாவுக்குள்ள எரியுது. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும். அது உருகி அடைச்சுக்கிட்டா இன்ஜினால மூச்சு விட முடியாது. அதான் மேட்ல திணறுது. ஒரு அடுப்பை மூட்டி அதுக்கு மேல எங்களை உக்கார வச்சிருக்கே!"

ட்வைலா என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஹாரன். டெல்ப் படையின் புத்தம் புது வண்டி, வெயிலில் பளபளத்துக்கொண்டு, எங்களுக்கு இணையாக வந்தது. ஓரின் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"என்ன தங்கச்சி, சவ ஊர்வலமா? தள்ளிவிடட்டுமா?"

"உன் வாயை மூடிக்கிட்டுப் போண்ணே!"

"கோப்பையைத் துடைச்சுக் கொண்டாந்திருக்கேன். கடைசியா ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கோ!"

அவன் வண்டி சிரிப்புச் சத்தத்தோடு முன்னே போனது. ட்வைலாவின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். மார்னா "வேண்டாம், வேண்டாம்" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். எதிரே நீளமான மேடு. வேன் உறுமியது, இருமியது, நடு மேட்டில் பலம் எல்லாம் வடிந்துபோய் ஊர ஆரம்பித்தது. பின்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று மலை போல வந்து ஹாரனை அழுத்தியது. அது முட்டிவிடுமோ என்ற பயத்தில் ட்வைலா ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

"புல்லுல ஏத்தாதே!" மார்னாவின் அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏற்றியாகிவிட்டது. முழங்கால் உயரப் புல்லில் வேன் நின்றது. லாரிக்காரன் எங்களைத் தாண்டிப் போனான். ஒரு கணம் எல்லாம் அமைதியாக இருந்தது. "பாரு, ஒண்ணும் ஆகல" என்று ட்வைலா சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் என் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நூல் மாதிரிப் புகை எழுந்தது. அடுத்து பட் பட்டென்று சத்தம்.

"எல்லாரும் இறங்குங்க! ட்வைலா, நீ இறங்காதே! அதோ வயல் வாசல், சரளை கொட்டியிருக்கு பாரு, அங்கே ஏத்து! வேன் இங்கேயே எரிஞ்சா டாங்க்கும் சேர்ந்து போயிடும்!" என்று கத்தினாள் மார்னா.

நாங்கள் வாளிகளையும் சாக்குகளையும் வீசியபடி குதித்தோம். வேனுக்கு அடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ட்வைலா பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே நெருப்போடு, இருமுகிற வேனைச் சரளை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். போன வழியெல்லாம் சக்கரத் தடத்தில் தீப்பிடித்தது. சரளையில் நிறுத்திவிட்டு, கையில் தீயணைக்கும் சிலிண்டரோடு வெளியே பாய்ந்தாள். வேனுக்கு அடியில் தொங்கி எரிந்த புல்லை அதை வைத்து அணைத்தாள். வேன் தப்பியது. ஆனால் புல் பற்றிக்கொண்டுவிட்டது.

காற்று சாலையிலிருந்து வயலைப் பார்த்து அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதில் தீ ஏறினால் அந்த மேட்டுக்கு மறுபுறம் இருக்கும் வீடுகள் வரைக்கும் நிற்காது. இதை எங்களில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் மேய்ச்சல் நிலம். அதில் ஒரு காற்றாலையும், மாடுகள் குடிக்கும் தகரத் தொட்டியும் இருந்தன. தொட்டி நிறையத் தண்ணீர். கார்லிஸ் கம்பி வேலியில் நுழைந்து தொட்டியிடம் ஓடினாள். நான் அந்த வேலியில் நின்றேன். ஜெனீவாக்கா சாலை நடுவே. மார்னா தீயின் முகத்தில். ட்வைலா நனைத்த சாக்கோடு வயல் வேலி ஓரமாக ஓடி, நெருப்பின் முனையை அடிக்க ஆரம்பித்தாள்.

முதல் வாளிகள் தளும்பத் தளும்ப வந்தன, பழக்கத்தில். கம்பி வேலிக்கு மேலே தூக்கும்போது பாதி என் தலையில் கொட்டியது. ஜெனீவாக்கா அதை வாங்கிக்கொண்டு ஓடும்போது மீதியில் பாதி சாலையில் போனது. மார்னாவிடம் போய்ச் சேர்ந்தது ஒரு வாய் குடிக்கிற அளவு. தீ வேலிக் கம்பத்தைத் தொட்டுவிட்டது.

"முக்கால் வாளி!" மார்னா தொண்டை கிழியக் கத்தினாள். "முக்கால் போதும்! ஆனா வேகமா குடு! நின்னு குடுக்காதே, வீசு! வீசிப் பிடி!"

நாங்கள் அப்படியே செய்தோம். கார்லிஸ் வாளியை முக்கி எடுத்த கையோடு வீசினாள். முக்கால் வாளி கையில் கனக்கவில்லை, சிந்தவில்லை, ஆடவில்லை. ஒன்று கையை விட்டுப் போகும்போதே அடுத்தது வந்தது. ஜெனீவாக்கா சமையலறையில் தட்டு அடுக்குகிறவள் மாதிரி இடுப்பை மட்டும் திருப்பித் திருப்பி வாங்கினாள், கொடுத்தாள். "அடுத்தது! அடுத்தது! தூங்குறியாடி நெட்டி?" என்று என்னை வேறு திட்டினாள். மார்னா தண்ணீரைத் தீயின் நடுவில் கொட்டாமல், வேலி ஓரத்தில், இன்னும் எரியாத புல்லுக்கும் எரிகிற புல்லுக்கும் நடுவே விசிறினாள். ஒரு பக்கத்திலிருந்து அவள், மறுபக்கத்திலிருந்து ட்வைலா. நெருப்பு நடுவே குறுகிக்கொண்டே வந்தது.

ஒரு இடத்தில் அது தப்பித்தது. வேலிக்கு அடியில் புகுந்து கோதுமையின் மூலையில் ஏறியது. காய்ந்த கதிர் சடசடவென்று எரிந்தது. ட்வைலா வேலியை ஏறிக் குதித்தாள். சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. எரிகிற கதிருக்கு முன்னால் போய் நின்று சாக்கால் அடித்தாள், மிதித்தாள், மறுபடி அடித்தாள்.

"ட்வைலாவுக்குத் தண்ணி! எல்லாம் ட்வைலாவுக்கு!" என்றாள் மார்னா. வேலிக்கு மேலாக வாளிகள் பறந்தன. பாதி தீயின் மேல், பாதி ட்வைலாவின் மேல். கடைசியில் அவள் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கறுப்பு. கறுப்புக்கு அப்பால் பொன் நிறம், அசையாமல்.

தீ அணைந்துவிட்டது.

பிறகு ஜெனீவாக்கா சாலை நடுவே அப்படியே உட்கார்ந்து, "அணைச்சுட்டோம்டி" என்றாள். கார்லிஸ் தொட்டிக்குள்ளேயே தலையை முக்கினாள். ட்வைலா இரண்டு கைகளையும் தூக்கி ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், மேய்ந்துகொண்டிருந்த மாடுகளெல்லாம் ஓடின.

வயல்காரர் மேட்டுக்கு அப்பாலிருந்து டிராக்டரில் கலப்பையை மாட்டிக்கொண்டு, உழுது தீயை மறிக்கலாம் என்று பறந்து வந்தார். ஹால்வர் என்று பெயர். வந்தவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, கருகியிருந்த மூலையையும் தன் கோதுமையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை வண்டி வந்தது?" என்று கேட்டார்.

"வண்டி எதுவும் வரல. நாங்க அஞ்சு பேர்தான்" என்றாள் கார்லிஸ்.

"தீயை மூட்டினதும் நாங்கதான்" என்றாள் ட்வைலா. "என் வண்டி. நான் ஓட்டினது. இவ நிறுத்தச் சொன்னா, நான் கேக்கல."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அறுவடை இயந்திரம் ஒவ்வொரு வருஷமும் இதைவிட அதிகமாவே மூலையில விட்டுட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டு, கருகிய இடத்தைச் சுற்றி ஒரு சால் உழுதார்.

அப்போதுதான் டெல்ப் வண்டி திரும்பி வந்தது. கண்ணாடியில் புகையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்திருக்கிறார்கள். ஓரின் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. தங்கையின் தோளைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தான்.

"அடி பட்டுச்சா? எங்கேயாவது சுட்டுச்சா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீ லேட்டு."

அவன் சிரிக்கவில்லை. தன் ஆட்களை அனுப்பி, புகைகிற இடங்களையெல்லாம் மண்வெட்டியால் புரட்டச் சொன்னான்.

மார்னா அதற்குள் வேனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். "வந்து பாரு" என்றாள். ட்வைலாவும் குனிந்தாள். நிழலில், புகைக்குழாயின் நடுவே அவள் சொன்ன அந்த டப்பா, ஒரு முழு பிரெட் அளவு உருளை, பட்டப்பகலில் மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அது கறுத்து, தொடமுடிகிற சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தோம். யாரோ ஜெனீவாக்காவின் ஜாடியைச் சுற்றுக்கு விட்டார்கள். தீயணைத்த கையோடு தின்ற அந்த முட்டையின் ருசி எனக்கு மறக்காது. டெல்ப் ஆட்களும் கேட்டார்கள். ஜெனீவாக்கா தலைக்கு ஒன்று கொடுத்தாள்.

பிறகு மார்னா பானட்டைத் திறந்தாள். கோணிச் சாக்கை இன்ஜினுக்கு மேலே கூரை மாதிரிப் பிடிக்கச் சொல்லி, ட்வைலாவையும் அந்த இருட்டுக்குள் தலையை நுழைக்க வைத்தாள்.

"கார்லிஸ், ஸ்டார்ட் பண்ணு. ட்வைலா, கண்ணை இமைக்காம பாரு."

இன்ஜின் குலுங்கியபடி ஓடியது. "அட" என்றாள் ட்வைலா சாக்குக்கு அடியிலிருந்து. "நீலமா ஒண்ணு துள்ளுது. டிக் டிக்குன்னு."

"அதான். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி, வழியிலேயே இரும்புக்குத் தாவுது. ஆஃப் பண்ணு கார்லிஸ்."

மார்னா அந்த ஒயரை வெளியே இழுத்துக் காட்டினாள். மேலுறை கொறிக்கப்பட்டு, சின்னச் சின்னப் பல் தடங்கள். அதன் பக்கத்தில் ஓட்ஸ் உமியும் பஞ்சும் வைத்துக் கட்டிய ஒரு கூடு.

"எலி" என்றாள் ட்வைலா. வேனை அவள் நிறுத்துவது கொட்டகையில், ஓட்ஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

"ஒரு எலி" என்றாள் மார்னா. "அவ்வளவுதான். பிளக் தேஞ்சிருந்தாலும் இதேதான் ஆகும், இன்ஜின் எண்ணெய் குடிச்சாலும் ஆகும், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாஞ்சாலும் ஆகும். கடையில நிறையப் பேர் டப்பாவை மட்டும் மாத்திட்டுப் போவாங்க. கொஞ்ச மாசத்துல புது டப்பாவும் வெந்து திரும்பி வருவாங்க. ஏன் வெந்ததுன்னு கேக்கவே மாட்டாங்க."

முதலுதவிப் பெட்டியிலிருந்த ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி ஒயரில் மாட்டி, மேலே டேப்பைச் சுற்றினாள். இரும்பில் படாமல் தூக்கிக் கட்டினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது வேனின் குலுக்கல் நின்றிருந்தது. இந்தக் கோடையில் முதல் தடவையாக அது ஒரே சீராக ஓடியது. மஞ்சள் விளக்கு மினுக்காமல் நிதானமாக எரிந்தது.

"போகலாமா?" என்றேன் நான்.

"போகலாம். ஆனா உள்ளே பாதி உருகித்தான் இருக்கும். மெதுவா போகணும், தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, நாத்தம் வந்தா அந்த இடத்துலயே நிறுத்தணும்."

"எங்க வண்டில ஏறிக்கோங்களேன்" என்றான் ஓரின். கேலி இல்லாமல்தான் கேட்டான்.

"வேண்டாம்ணே. நீ முன்னாடி போய் எங்களைக் கடைசில போடச் சொல்லு."

"சொல்றேன். நீங்க வராம தொட்டியில கை வைக்க மாட்டோம்."

ட்வைலா சாவியை எடுத்து மார்னாவிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. உன் காதுக்குத்தான் இந்த வண்டி பேசுறது கேக்குது." கொஞ்சம் தூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வரிசையையும் இன்னைக்கு நீயே சொல்லு" என்றாள். மார்னா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஃபோர்ட் கேரிச் சந்தை மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது, எங்களுக்கு முன்பே செய்தி நுழைந்திருந்தது. கரி பூசிய முகமும், கருகிய புருவமும், கிழிந்த சட்டையுமாக ஐந்து பெண்கள் இறங்குவதைப் பார்த்து, மரப்படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். டெல்ப் ஆட்கள் அவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். நாங்கள் இரண்டு ஊரும் மட்டும் பாக்கி. பக்கம் பக்கமாக, நேருக்கு நேர்.

"தங்கச்சி, கை நடுங்குதே, இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றான் ஓரின். பழைய ஓரின் திரும்பிவிட்டான்.

"நடுங்கல. சூடேறியிருக்கு."

விசில் ஊதியது.

மேடைமேல் மார்னா. அவளுக்குக் கீழே ஜெனீவாக்கா, நான், கார்லிஸ். தொட்டியில் ட்வைலா. டெல்ப் ஆட்கள் எப்போதும்போலத் தளும்பத் தளும்பத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் காளை மாதிரி இருப்பார்கள். முதலில் அவர்கள்தான் முன்னே போனார்கள். கூட்டத்தில் யாரோ, "வாளியை நிரப்புங்கம்மா!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

"முக்கால்!" என்றாள் ட்வைலா, தொட்டியிலிருந்து. அவள் வாயால் அந்த வார்த்தை! "முக்கால்! வீசிப் பிடி! நெட்டி, கையைப் பாரு, என்னைப் பாக்காதே!"

காலையில் சாலையில் வந்த அதே தாளம் வந்துவிட்டது. கையை நான் யோசிக்கவே இல்லை. வாளி வந்தது, போனது. வெற்று வாளி திரும்பி வந்தது, போனது. தோள் எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். பக்கத்து வரிசையில் தண்ணீர் சிந்தித் தரை சேறாகிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவன் வழுக்கினான். ஓரின் திட்டினான். எங்கள் காலடியில் தரை காய்ந்து கிடந்தது.

மேலே மார்னாவின் குரல் கேட்டது: "பந்து தெரியுது! பந்து மேல வருது!"

அவ்வளவுதான், ஜெனீவாக்காவுக்கு வெறி பிடித்துவிட்டது. வாளியை அவள் கொடுக்கவில்லை, எறிந்தாள். மார்னா அதைக் காற்றிலேயே பிடித்துக் கவிழ்த்தாள். சிவப்புப் பந்து பீப்பாய் விளிம்பில் ஏறியது, தயங்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தண்ணீரோடு வழிந்து மேடையில் டொக்கென்று விழுந்து, படியில் குதித்து, அறிவிப்பாளரின் மேசைக்கு அடியில் போய் நின்றது.

டெல்ப் பீப்பாயில் பந்து இன்னும் ஒரு சாண் கீழே இருந்தது.

மைதானம் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். ட்வைலா தொட்டியிலிருந்து ஓடிவந்தாள். மேடை ஏறிப் போய் மார்னாவை அப்படியே தூக்கிவிட்டாள். இருவரும் வழுக்கிப் பீப்பாயில் மோதி, மிச்சத் தண்ணீர் முழுக்க எங்கள் தலையில் கொட்டியது. முகத்துக் கரியெல்லாம் கோடு கோடாக வழிந்தது. ஓரின் வந்தான். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினான்.

"தூசி தட்டியே குடுக்கிறேன்" என்றான்.

"இங்கே இல்ல" என்றாள் ட்வைலா. மார்னாவை முன்னே தள்ளினாள். "இவ கையில குடு."

வெயில் சாய்ந்தபோது கிளம்பினோம். ஓரின் எங்களைத் தனியே விட மறுத்துவிட்டான். தன் புது வண்டியின் பின்பக்கம் ஒரு டிரம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, "மறுபடி எங்கேயாவது பத்திக்கிச்சுன்னா? நான் பின்னாடியே வர்றேன்" என்றான். மார்னா ஓட்டினாள், மாட்டுவண்டி வேகத்தில். வேன் சீராக முனகிக்கொண்டு போனது. நாற்றம் இல்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஜெனீவாக்கா பாட ஆரம்பித்து, கார்லிஸ் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

ட்வைலா பாட்டில் சேரவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பளபளக்கிற பெரிய வண்டி, எங்களைத் தாண்ட முடியாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"மார்னா" என்றாள், "இன்னும் கொஞ்சம் மெதுவா போனா டப்பாவுக்கு நல்லதுதானே?"

"இதுக்கு மேல மெதுவா போனா நின்னுடும்டி."

"பரவால்ல" என்றாள் ட்வைலா. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக் கத்தினாள்: "என்னண்ணே, சவ ஊர்வலமா? தள்ளிவிடட்டுமா?"